ஜிஎக்ஸ் மூன்றாவது சீசன்: ஜூடாயை இவ்வளவு பாடு படுத்தியிருக்க வேண்டுமா?

சிவப்பு_விடுதி எழுதியது:

கார்டு விளையாட்டை வைத்து வந்த அனிமே யு-கி-ஓ! ஜிஎக்ஸ், அதன் 180 எபிசோடையும் ஜப்பானிய ஒலியில், சப்டைட்டிலோடு பார்த்து முடித்தாயிற்று. பள்ளி நாட்களில் ஆங்கில டப்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பார்த்த தொடர்தான். ஆனால் முழுதாகப் பார்த்தபோது மூன்றாவது சீசன் தொண்டையில் சிக்கிய முள் மாதிரி நிற்கிறது. கதையை மறைக்காமல் பேசப்போகிறோம், பார்க்காதவர்கள் இப்போதே கழன்றுகொள்ளுங்கள்.

பார்த்து ரொம்ப நாளானவர்களுக்கு: டிவி டோக்கியோவில் 2004 அக்டோபர் முதல் 2008 மார்ச் வரை ஓடிய தொடர் இது. முதல் யு-கி-ஓ! தொடரின் நாயகன் யூகியின் காலத்துக்குச் சில ஆண்டுகள் கழித்து நடக்கும் கதை. யூகியின் பழைய போட்டியாளர் கைபா ஒரு தீவில் டூயல் (கார்டுச் சண்டை) பள்ளி கட்டி வைத்திருக்கிறார். நீல விடுதியில் மேட்டுக்குடி, மஞ்சளில் நடுத்தரம், ஒசிரிஸ் சிவப்பில் கடைநிலை மாணவர்கள். நம் நாயகன் ஜூடாய் சிவப்பு. ரயில் தாமதத்தால் நுழைவுத் தேர்வுக்கே பிந்தி வந்தவன், வகுப்பில் தூங்குபவன், டூயல் என்றால் மட்டும் கண் விழிப்பவன். பள்ளிக் கடையில் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் பிரித்துச் சாப்பிடும் டிரா பன் விற்பார்களே, அதில் தங்க முட்டை பன் எடுத்துவிட்டால் அன்றைக்கு முழுவதும் அவனுக்குத் திருவிழா. இதுதான் தொடரின் சுபாவம். ஜாலியான விடுதிக் கதை.

அப்படிப்பட்ட பையனை மூன்றாவது சீசனில் கொண்டுபோய், நண்பர்களைக் கண்ணெதிரே சாகவைத்து, ஊர் ஊராகக் கொல்லும் பேரரசனாக்கி, அதன் பிறகு கார்டைத் தொடவே கை நடுங்கும்படி செய்துவிட்டார்கள். சோகம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இது வேறு ஒரு தொடரிலிருந்து பிய்த்து இங்கே ஒட்டிய மாதிரி இருக்கிறது. உங்களுக்கு அப்படித் தோன்றவில்லையா?

பெட்டிக்கடை எழுதியது:

தோன்றியது. அதோடு, இழுவை. முதல் பாதியில் பேராசிரியர் கோப்ரா எல்லார் கையிலும் ஒரு பட்டையை மாட்டி, டூயல் ஆடினால் சக்தியை உறிஞ்சும்படி வைக்கிறார். மாணவர்கள் வரிசையாக மயங்கி விழுகிறார்கள். சரி. அப்புறம் பள்ளிக்கூடமே பாலைவன உலகத்துக்குப் போகிறது, சாப்பாட்டுக்குப் பஞ்சம், பசித்த பையன்கள் பேயாக அலைந்து "டூயல், டூயல்" என்கிறார்கள். அதுவும் சரி. அங்கிருந்து ஒருவழியாகத் திரும்பி வந்தால் இன்னொரு உலகம்! எத்தனை உலகம்தான் சுற்றுவது?

கட்டுக்காரன் எழுதியது:

நான் எதிர்க்கட்சி. மூன்றாவது சீசன் ஒட்டுப் போட்டது இல்லை, முதல் எபிசோடிலேயே விதை இருக்கிறது. நான் கார்டு ஆடுகிறவன் என்பதால் கார்டை வைத்தே சொல்கிறேன்.

முதல் எபிசோட் நுழைவுத் தேர்வு நினைவிருக்கிறதா? பேராசிரியர் குரோனோஸ் தேர்வுக்கான டெக்கை (கார்டுக் கட்டை) ஒதுக்கிவிட்டு, இந்தப் பொடியனை நசுக்கியே தீருவது என்று தன் சொந்த டெக்கை எடுத்து வருவார். ஏன்ஷியன்ட் கியர் கோலெம், தாக்குதல் 3000. ஜூடாய், கார்டுகளை இணைக்கும் பாலிமரைசேஷன் கார்டைப் போட்டு ஏவியனையும் பர்ஸ்ட்டினாட்ரிக்ஸையும் இணைத்து ஃப்ளேம் விங்மேனை இறக்குவான். தாக்குதல் 2100, தற்காப்பு 1200. பற்றாது. உடனே ஸ்கைஸ்கிரேப்பர் போடுவான். தன்னைவிடப் பெரிய எதிரியை அடிக்கும் எலிமென்டல் ஹீரோவுக்கு அது 1000 கூட்டிக் கொடுக்கும். 3100. கோலெம் காலி, அதன் 3000 அப்படியே குரோனோஸ் தலையில் விழும். அரங்கமே எழுந்து நிற்கும்.

இப்போது மூன்றாவது சீசனுக்கு வாருங்கள். பேரரசன் ஜூடாய் பாலிமரைசேஷனுக்குப் பதிலாக டார்க் ஃப்யூஷன் வைத்திருப்பான். அதில் வரும் ஈவில் ஹீரோ இன்ஃபெர்னோ விங் எதையெதை இணைத்து வருகிறது? அதே ஏவியன், அதே பர்ஸ்ட்டினாட்ரிக்ஸ். தாக்குதல் அதே 2100, தற்காப்பு அதே 1200. முதல் நாள் நம்மைக் கைதட்ட வைத்த அதே இரண்டு கார்டுகள். வித்தியாசம் இரண்டுதான்: எதிரியின் கார்டு தற்காப்பு நிலையில் பதுங்கியிருந்தாலும் மிச்ச அடி உள்ளே இறங்கும். அழித்த கார்டின் தாக்குதல், தற்காப்பு இரண்டில் எது பெரிதோ அதைச் சேதமாகக் கணக்கிடும். அதாவது ஃப்ளேம் விங்மேன் செய்ததையே இரக்கமில்லாமல் செய்வது. வேறு ஒரு பையனைக் கொண்டுவந்து வில்லனாக்கவில்லை, சிவப்பு_விடுதி. இவனிடம் இருந்ததையே எடுத்து, வேறு மாதிரி இணைத்துக் காட்டினார்கள்.

சிவப்பு_விடுதி எழுதியது:

அந்த 2100-1200 விஷயத்தை நான் கவனிக்கவில்லை, அழகாக இருக்கிறது. ஆனால் அது கார்டு வடிவமைத்தவரின் கெட்டிக்காரத்தனம். கதையில் ஜூடாய் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்த விதம் நம்பும்படி இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

நள்ளிரவு_வாசகி எழுதியது:

நம்பும்படிதான் இருக்கிறது என்பேன். அவன் எப்போதும் சொல்வது என்ன? டூயல் ஜாலியாக இருக்கிறது. எதிரில் நிற்பவனுக்கு ஜாலியாக இருக்கிறதா என்று இரண்டு சீசனாக அவன் யாரையாவது கேட்டிருக்கிறானா? சக மாணவன் மஞ்சோமே தோற்றுப்போய் குடும்பத்தின் முன் தலைகுனிந்து நிற்கிறான், ஜூடாயின் அறைத்தோழன் ஷோ தன் அண்ணன் ரியோவின் நிழலில் புழுங்குகிறான். ஜூடாய் வந்து ஆடுவான், ஜெயிப்பான், விரலை நீட்டிச் சிரிப்பான், கடந்துவிடுவான். நல்ல பையன்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அடுத்தவரின் பாரம் அவன் கண்ணில் படாது.

மூன்றாவது சீசனில் நெருங்கிய நண்பன் ஜோஹன் பிற உலகத்தில் தங்கிவிட்ட பிறகு என்ன செய்கிறான் என்று பாருங்கள். தேடிப் போக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். நண்பர்கள் பின்னால் வருகிறார்கள். அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடுகிறான். அந்த இடைவெளியில்தான் மஞ்சோமே, அசுகா, கென்சான், ஃபுபுகி நால்வரும் அந்த உலகத்துக் கொடுங்கோலன் பிரோன் கையில் சிக்குகிறார்கள். சூப்பர் பாலிமரைசேஷன் கார்டுக்கு அவர்களுடைய வேதனைதான் எரிபொருள். மஞ்சோமே மறையும்போது ஜூடாய் மேல் அன்போடு மறைவதில்லை, மனக்கசப்போடுதான் போகிறான். இதையெல்லாம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்த ஷோ, "அண்ணா, அண்ணா" என்று ஜூடாயின் காலைச் சுற்றி வந்தவன், அன்றோடு விலகிவிடுகிறான். எனக்குப் பேரரசனின் கறுப்புக் கவசத்தைவிட ஷோவின் அந்த முகம்தான் பயத்தைக் கொடுத்தது.

முன்பே ஒருமுறை அவனை உடைத்துப் பார்த்தார்கள் என்பதையும் மறக்காதீர்கள். இரண்டாவது சீசனில் தொழில்முறை ஆட்டக்காரன் எடோவிடம் தோற்ற பிறகு அவன் கண்ணுக்குக் கார்டுகள் வெற்றுத்தாளாகத் தெரியும். பெரிய விஷயம் வரப்போகிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்தால், விண்வெளியிலிருந்து ஒரு டால்பின் வந்து சரிசெய்துவிட்டுப் போகும்.

பெட்டிக்கடை எழுதியது:

கை கால் முளைத்த, உடற்பயிற்சி செய்த டால்பின். சரியாகச் சொல்லுங்கள்.

நள்ளிரவு_வாசகி எழுதியது:

ஆமாம், மன்னிக்கவும், உடற்பயிற்சி செய்த டால்பின். அந்தத் தப்பித்தலுக்கான வட்டியைத்தான் மூன்றாவது சீசன் வசூலிக்கிறது. இந்த முறை டால்பின் வரவில்லை. நண்பன் ஜிம் வந்து ஆடி உயிரை விடுகிறான். இன்னொரு நண்பன் ஓப்ரயன் முதலில் பயந்து ஓடுகிறான், பிறகு திரும்பி வந்து தானும் அழிந்து பேரரசனையும் சாய்த்துச் சமன் செய்கிறான். ஒரு பையன் பயந்து ஓடுவதை அவ்வளவு நேரம் எடுத்துக் காட்டிய குழந்தைகள் தொடர் எனக்கு அதிகம் தெரியாது. கோழை என்று யாரும் அவனைக் கேலி செய்வதும் இல்லை.

மிசாவா_எங்கே எழுதியது:

இவ்வளவு நேரம் பேசினீர்கள், ஒருவராவது மிசாவா பெயரைச் சொன்னீர்களா? மஞ்சள் விடுதியின் முதல் மாணவன், ஆறு டெக் வைத்திருந்த மேதை. தொடரே அவனை மறந்து, மறந்ததையே நகைச்சுவையாக்கி, கடைசியில் பிற உலகத்தில் அவன் காதலித்த தானியாவோடு விட்டுவிட்டு வந்துவிட்டது. ஜூடாய்க்காவது அழ ஆள் இருக்கிறது.

கட்டுக்காரன் எழுதியது:

மிசாவாவின் கார்டு மட்டும் சும்மாவா? ஹைட்ரோஜெடன் இரண்டு, ஆக்சிஜெடன் ஒன்று பலி கொடுத்தால் வாட்டர் டிராகன். வேதியியல் வாத்தியார்கள் கொண்டாட வேண்டிய டெக்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சிவப்பு_விடுதி கேட்டது கதையில் நம்பும்படி இருக்கிறதா என்று. இந்தத் தொடரில் கதையும் கார்டும் தனித்தனி இல்லை என்பதுதான் என் பதில். மூன்றாவது சீசனின் வில்லன் யூபெல்லின் கார்டை எடுத்து வைத்துப் பாருங்கள், நிஜத்தில் அச்சிட்டுக் கடையில் விற்கிறார்களே, அந்தக் கார்டைச் சொல்கிறேன்.

நிலை 10. தாக்குதல் 0, தற்காப்பு 0. சண்டையில் அழியாது, அதன் சொந்தக்காரருக்கும் அடி விழாது. யாராவது அதைத் தாக்கினால், தாக்கிய கார்டின் பலம் முழுவதும் தாக்கியவர் மேலேயே திரும்பும். அதை மைதானத்தில் வைத்துக்கொள்ள வேண்டுமானால் நம் முறை முடியும்போதெல்லாம் நம்முடைய இன்னொரு கார்டைப் பலி கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அது அழியும். வேறு வகையில் அழிந்தால் இன்னும் கோரமான இரண்டாவது உருவம் வரும், அதுவும் போனால் மூன்றாவது.

இப்போது யூபெல்லின் கதையைச் சொல்லுங்கள். முற்பிறவியில் இளவரசனாக இருந்த ஜூடாயைக் காப்பதற்காகத் தன் மனித உடலைக் கொடுத்து அரக்க உருவம் எடுத்த ஆள். இந்தப் பிறவியில் அவன் சிறுவனாக இருக்கும்போது அவனோடு டூயல் ஆடும் பிள்ளைகளுக்கெல்லாம் ஏதாவது கெடுதல் நடக்கிறது. ஏனென்றால் அவனை யாரும் சீண்டக்கூடாது. அவன் பயந்துபோய், கைபா நிறுவனம் ராக்கெட்டில் கார்டு அனுப்பும் திட்டத்தில் யூபெல்லையும் சேர்த்து விண்வெளிக்கு அனுப்பிவிடுகிறான். அங்கே அது எரிந்து வேதனைப்படுகிறது, அவனைக் கூப்பிடுகிறது. அவனுக்கோ அந்த நினைவே அழிக்கப்பட்டுவிட்டது. இந்த வலியைக் கொடுத்தது அவன், அவன் என்னை நேசிக்கிறவன், ஆகவே வலிதான் நேசம் என்று அது முடிவுகட்டிக்கொள்கிறது. திரும்பி வந்து அதே நேசத்தை அவனுக்கும் அவனைச் சுற்றியிருப்பவர்களுக்கும் அள்ளி அள்ளிக் கொடுக்கிறது.

தனக்கென்று ஒரு பலமும் இல்லை, தொட்டவனுக்கு வலி திரும்பும், கூட இருக்க வேண்டுமானால் ஒவ்வொரு முறையும் வேறு ஒருவரைப் பலி கொடு. கார்டின் விதி ஒவ்வொன்றும் அந்தப் பாத்திரத்தின் மனசு.

சிவப்பு_விடுதி எழுதியது:

இதற்கு மறுப்பு இல்லை. யூபெல் யு-கி-ஓ! தொடர்கள் எல்லாவற்றிலுமே மிகச் சிறந்த வில்லன் என்பதை முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும். என் புகார் யூபெல் மேல் இல்லை, விலை மேல். இந்த ஒரு உறவை வளர்ப்பதற்காக அசுகா, மஞ்சோமே, எடோ எல்லாரையும் எரிபொருளாக்கிவிட்டார்கள். அசுகாவை எடுத்துக்கொள்ளுங்கள். நீல விடுதியின் திறமைசாலி, தொலைந்துபோன அண்ணனைத் தேடும் தங்கை என்று முதல் சீசனில் அவளுக்கு ஒரு முழுக்கதை இருந்தது. மூன்றாவது சீசனில் அவள் செய்வது கூட நடப்பது, பிடிபடுவது, மறைவது.

நள்ளிரவு_வாசகி எழுதியது:

அசுகா விஷயத்தில் உங்கள் பக்கம்தான். தொடர் முழுக்கவே பெண் பாத்திரங்களை என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

சூப்பர் பாலிமரைசேஷன் பற்றியும் கட்டுக்காரன் எழுதினால் நன்றாக இருக்கும். அந்த முடிவு எனக்கு ஒவ்வொரு முறையும் ஏதோ செய்கிறது. ஆனால் கார்டாக அது என்ன செய்யும் என்று சரியாகத் தெரியாது.

கட்டுக்காரன் எழுதியது:

சாதாரண பாலிமரைசேஷனில் நம் கையிலும் நம் பக்கத்திலும் இருக்கும் கார்டுகளைத்தான் இணைக்க முடியும். சூப்பர் பாலிமரைசேஷனுக்குக் கையிலிருந்து ஒரு கார்டைத் தூக்கி எறிய வேண்டும், அதன் பிறகு எதிராளியின் மைதானத்தில் நிற்பவற்றையும் பொருளாக எடுத்துக்கொள்ளலாம். அதைப் போட்டபோது எதிராளி பதிலுக்கு எதையும் போட முடியாது. நேரில் ஆடும்போது இதில் அடி வாங்கியவர்களுக்குத் தெரியும் அந்த வயிற்றெரிச்சல். அரும்பாடுபட்டு இறக்கிய கார்டை எதிரில் இருப்பவர் எடுத்து விழுங்கிவிடுவார், நாம் வாயைப் பொத்திக்கொண்டு பார்க்க வேண்டும். இன்றைக்கும் போட்டிகளில் எட்டிப்பார்க்கும் கார்டு.

கதையிலும் அது அப்படித்தான் வருகிறது. மற்றவர்களின் துன்பத்தில் உருவாகி, மற்றவர்களை விழுங்குவதற்காகவே இருக்கும் கார்டு. யூபெல் அதை வைத்துப் பன்னிரண்டு உலகங்களையும் ஒன்றாக்கிவிடப் பார்க்கிறது. ஜூடாய் அந்தக் கார்டைக் கையில் எடுத்துத் தன் ஆன்மாவையும் யூபெல்லின் ஆன்மாவையும் இணைத்துவிடுகிறான். இனி அவர்கள் ஒரே ஆள். எதிரியை அடித்து ஜெயிக்கும் முடிவு இல்லை, மன்னித்து அனுப்பும் முடிவும் இல்லை. விண்வெளிக்கு அனுப்பித் தொலைத்ததைத் தன் உடம்புக்குள்ளேயே வாங்கிக்கொள்கிறான். எதிராளியின் கார்டை இழுத்து வந்து இணைக்கும் விதி இல்லாவிட்டால் இந்த முடிவையே எழுதியிருக்க முடியாது.

பெட்டிக்கடை எழுதியது:

நீங்கள் எல்லாரும் சொல்வதைக் கேட்டால் நான் பார்த்தது வேறு தொடரோ என்று தோன்றுகிறது. ஆங்கில டப்பில் பார்த்தேன். அங்கே ஜூடாய்தான் ஜேடன், மஞ்சோமே சாஸ், அசுகா அலெக்சிஸ். யாரும் சாகவில்லை, "நட்சத்திரங்களுக்கு அனுப்பப்பட்டார்கள்" என்று ஏதோ சொல்வார்கள்.

கட்டுக்காரன் எழுதியது:

அங்கேதான் பாதிப் பிரச்சினை. 4கிட்ஸ் நிறுவனம் காலை நேரக் குழந்தைகளுக்காக வெட்டி ஒட்டிய பதிப்பு அது. ஜூடாய் நண்பர்களின் சாவால் நிலைகுலைகிறான் என்ற இடத்தில், சாவே இல்லாவிட்டால் அவன் ஏன் அந்த நிலைக்குப் போகிறான்? இன்னொரு கொடுமை, கார்டுகளில் உள்ள எழுத்துகளையே அழித்துவிடுவார்கள். படம், நட்சத்திரங்கள், எண்கள் மட்டும் மிஞ்சும். நான் மேலே எழுதிய விதிகளில் ஒன்றையும் திரையில் படிக்க முடியாது.

டப் 155ஆவது எபிசோடோடு நின்றும்விட்டது. மீதி 25 எபிசோடுகளை அவர்கள் தொடவே இல்லை. 2008இல் ஜிஎக்ஸை முடித்துக்கொண்டு அதே ஆண்டு அடுத்த யு-கி-ஓ! தொடரான 5டி'ஸுக்குத் தாவிவிட்டார்கள். ஆங்கிலத்தில் மட்டும் பார்த்த ஒரு தலைமுறைக்கு நான்காவது சீசன் என்று ஒன்று இருந்ததே தெரியாது.

மிசாவா_எங்கே எழுதியது:

நான்காவது சீசன் பார்க்கத்தான் வேண்டுமா? எல்லாம் முடிந்துவிட்டதே.

நள்ளிரவு_வாசகி எழுதியது:

பாருங்கள். டார்க்னஸ் வில்லன் எனக்குப் பெரிதாக ஒட்டவில்லை, யூபெல்லுக்குப் பிறகு யார் வந்தாலும் சப்பென்றுதான் இருக்கும். ஆனால் திரும்பி வந்த ஜூடாய்க்காகப் பார்க்கலாம். அதே சிவப்பு மேல்சட்டை, பேச்சு குறைந்துவிட்டது, யாரோடும் ஒட்டாமல் திரிகிறான். பள்ளியை விட்டே போய்விட மூட்டை கட்டுகிறான். நண்பர்களும் இவனிடம் எப்படிப் பேசுவதென்று தெரியாமல் தடுமாறுகிறார்கள். நடந்ததை யாரும் துடைத்துப் போடவில்லை. கடைசி எபிசோடில் அவனைக் கொண்டுபோய் யூகியின் முன் நிறுத்துகிறார்கள். யார் ஜெயித்தார்கள் என்று காட்டுவதில்லை.

பெட்டிக்கடை எழுதியது:

யூகிதான் ஜெயித்திருப்பார். இதில் என்ன சந்தேகம்?

கட்டுக்காரன் எழுதியது:

அதற்குத் தனி இழை தொடங்குங்கள், இங்கே ஆரம்பித்தால் விடியாது.

சிவப்பு_விடுதி எழுதியது:

என் கருத்து முக்கால்வாசி அப்படியேதான் இருக்கிறது. விதை முதலிலிருந்தே இருந்தது என்பதை ஏற்கிறேன், ஆனால் தண்ணீர் ஊற்றிய விதம் மோசம். இரண்டு சீசன் முழுக்க விளையாட்டாக ஓட்டிவிட்டு ஐம்பத்திரண்டு எபிசோடில் எல்லாவற்றையும் கொட்டினால் பார்ப்பவனுக்கு மூச்சு முட்டாதா? ஷோவின் விலகலை இரண்டாவது சீசனிலேயே கொஞ்சம் காட்டியிருக்கலாம். ரியோவின் வீழ்ச்சியை அப்படித்தானே செய்தார்கள்? எடோவிடம் தோற்று, சரிந்து, உடம்பில் மின்சாரம் பாயும் திருட்டு டூயல்களுக்குப் போய், ஜெயித்தால் போதும் என்று ஆகிற வரைக்கும் படிப்படியாக. அந்தப் பொறுமை ஜூடாய்க்குக் கிடைக்கவில்லை.

கட்டுக்காரன் எழுதியது:

ரியோ பற்றிச் சொன்னது நியாயம். ஹெல் கைசர் என்று பெயரெடுத்த அந்த ரியோவின் கதை தொடரிலேயே சீராக எழுதப்பட்டது. ஆனால் ஒன்று: ரியோ மாறுவதை அவ்வளவு நாள் பக்கத்திலிருந்து பார்த்தும் ஜூடாய்க்கு உறைக்கவில்லை. எனக்கு அதுவும் அவனைப் பற்றிய சேதிதான்.

நிலா_முற்றம் எழுதியது:

இழையை இப்போதுதான் பார்த்தேன். ஜிஎக்ஸ் பார்த்ததே இல்லை, முழுக்கதையும் தெரிந்துவிட்டது, போகட்டும். 180 எபிசோட் பார்க்க நேரம் கிடையாது. எங்கிருந்து தொடங்கினால் ஜூடாய் கதை மட்டும் புரியும்?

நள்ளிரவு_வாசகி எழுதியது:

முதல் எபிசோட் கட்டாயம். முதல் சீசனில் ஷோ, மஞ்சோமே வரும் தொடக்க டூயல்கள், பிறகு சீசன் முடிவில் ரியோவோடு ஆடிச் சமனில் முடியும் அந்த டூயல். இரண்டாவது சீசனில் எடோ வருகிற எபிசோடுகளும் ரியோ சரிகிற எபிசோடுகளும் போதும், வெள்ளைச் சட்டைக் கும்பல் வரும் எபிசோடுகளைத் தாண்டிவிடலாம். மூன்றாவது சீசன் தொடங்கும் 105ஆவது எபிசோடிலிருந்து எதையும் தாண்டாதீர்கள். பெட்டிக்கடை இழுவை என்று சொன்ன பாலைவனப் பகுதியையும்தான். ஜோஹனோடு அவன் எவ்வளவு நெருங்குகிறான் என்பது அங்கேதான் இருக்கிறது. ஜப்பானிய ஒலியில் பாருங்கள்.

பெட்டிக்கடை எழுதியது:

பாலைவனத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டலாம். நான் சொன்னதாக யாரிடமும் சொல்லாதீர்கள்.

நிலா_முற்றம் எழுதியது:

சரி. யூபெல் கார்டு இப்போதும் ஆடத் தகுந்ததா, அல்லது அலங்காரத்துக்கு மட்டுமா? கதையைக் கேட்டதும் வாங்கத் தோன்றுகிறது.

கட்டுக்காரன் எழுதியது:

பல ஆண்டுகள் அலங்காரம்தான். 2023 அக்டோபரில் ஜப்பானில் வந்த ஃபாண்டம் நைட்மேர் தொகுப்பில் யூபெல்லுக்கென்று புதிய கார்டுகளை அச்சிட்டார்கள். மற்ற நாடுகளுக்கு 2024இல் வந்தது, அந்த ஆண்டு போட்டிகளில் யூபெல் டெக் சக்கைப்போடு போட்டது. தாளில் வாங்குவதற்கு முன் மாஸ்டர் டூயல் செயலியில் ஆடிப் பாருங்கள், இலவசம். ஒரு எச்சரிக்கை: தொடரில் எல்லாரும் 4000 உயிர்ப்புள்ளியோடு ஆடுவார்கள், நிஜத்தில் 8000. அனிமே வேகத்தில் முடிந்துவிடும் என்று நம்பி உட்காராதீர்கள். எதிராளி ஒரே முறையில் பத்து நிமிடம் கார்டு இறக்கிக்கொண்டிருப்பார், நீங்கள் அதற்குள் ஒரு டீ போட்டுவிடலாம்.